மழை நோட்டிலிருந்து வரைபடம் வரை: பவர் பிஐ கற்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு மழை நோட்டு இருக்கும். மேலிருந்து கீழே 1 முதல் 31 வரை நாள்கள், குறுக்கே 12 மாதங்கள், பக்கத்துக்கு ஓர் ஆண்டு. அப்படிப்பட்ட நோட்டு ஒன்றின் பத்து ஆண்டுகளை, 2014 முதல் 2023 வரை, தரவைத் தொகுத்து வரைபடமாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ஏற்றிப் படிக்கும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது ஜவ்வரிசி ஆலையின் மூட்டைக் கணக்காகவோ கொலுசுப் பட்டறையின் கூலிக் கணக்காகவோ இருந்தாலும் படிகள் இதே வரிசையில்தான் வரும்.

சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் எஸ்டேட் ரைட்டர்களுக்கும் (தோட்டக் கணக்கு எழுதுபவர்கள்) இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: மென்பொருளைத் திறந்த கையோடு வரைபடத்தை இழுத்துப் போட்டுவிடுவார்கள். வரைபடம் கடைசி வேலை. அதற்கு முந்தைய படிகள் சரியாக இருந்தால் வரைய அரை மணி நேரம் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் கணினி வேண்டும். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் காத்திருந்து களைக்க வேண்டியிருக்காது. மேக் வைத்திருப்பவர்கள் இதே வேலையைச் செய்யும் டேப்லோ பப்ளிக்கை நிறுவிக்கொள்ளலாம். பொத்தான்களின் பெயர்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

எக்ஸெல் வேண்டும். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் மலையேற முடியாது. கோரிமேட்டிலிருந்து மேலே போய்வரவே பாதி நாள் ஓடிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்வதாக இருந்தால் யூனிகோடு மட்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் எக்ஸெலில் தமிழாகத் தெரியும், பவர் பிஐக்குள் வந்ததும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதே காரணம். பழைய கோப்பு இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

1. கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

‘மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்பது கேள்வி ஆகாது. ‘பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே நாளில் ஓர் அங்குலத்துக்கு மேல் மழை பெய்த ஆண்டுகள் எவை?’ என்பது கேள்வி. காப்பிச் செடி பூக்க அந்தப் பூ மழை வேண்டும். மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகும். தோட்டக்காரர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

கேள்வியை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேள்விக்கு நாள் கணக்கு வேண்டும். மாத மொத்தம் மட்டும் இருந்தால் பதில் கிடைக்காது. எவ்வளவு நுணுக்கமாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதைக் கேள்விதான் முடிவுசெய்கிறது. மூன்று கேள்விக்கு மேல் எழுத வேண்டாம்.

2. நோட்டை எழுதியவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் இதுதான் முக்கியம். எண்களை மென்பொருள் படித்துக்கொள்ளும், அவற்றுக்கு என்ன பொருள் என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அளவு. மலைத் தோட்டங்களில் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓர் அங்குலம் 100 சென்ட், அதாவது 25.4 மில்லிமீட்டர். நோட்டின் முன்பாதி அங்குலத்திலும், புது மழைமானி வாங்கிய பிறகு பின்பாதி மில்லிமீட்டரிலும் இருக்கக்கூடும். எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை இதைக் கேட்கத் தவறினேன். முதல் நான்கு ஆண்டுகள் பெரும் வறட்சி போலவும் அதன் பிறகு வெள்ளம் போலவும் படம் வந்தது. தோட்டக்காரர் பார்த்த உடனேயே ‘இது எங்க மழை இல்லைங்க’ என்றார். அவர் பார்த்திராவிட்டால் அந்தப் படம் அப்படியே போயிருக்கும்.

இரண்டாவது, வெற்றுக் கட்டம். சில கட்டங்களில் கோடு, சில கட்டங்களில் ஒன்றுமே இல்லை. பதினைந்து ஆண்டுகளாக மழைமானி பார்த்துவரும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். ‘கோடு போட்டிருந்தா மழை இல்லைங்க சார். காலியா இருந்தா அன்னிக்கு நான் ஊர்ல இல்லைங்க’ என்றார். மழை இல்லை என்பதும் பதிவு இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டையும் பூஜ்யமாக்கினால், அவர் விடுப்பில் போன நாள்கள் எல்லாம் வறண்ட நாள்களாகிவிடும்.

மூன்றாவது, நேரம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி காலை 8.30 மணிக்கு அளக்கும் மழை, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது; அளந்த நாளின் தேதியில்தான் எழுதப்படும். திங்கள் இரவு கொட்டிய மழை செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருக்கும். தோட்டத்திலும் இதே முறையா என்று கேளுங்கள். இதே முறை என்றால் தேதிகளைத் தள்ளிவைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள். பக்கத்தின் அடியில் மட்டும் ‘காலை அளந்த தேதி’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

விடுபட்ட நாள்களுக்குச் சேலம் நகரத்தின் மழையளவை எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டரில். மலை மேலேயே நாகலூரில் பெய்யும் நேரத்தில் மஞ்சக்குட்டையில் வெயில் அடிக்கும்.

3. நோட்டில் இருக்கிற மாதிரியே தட்டச்சு செய்யுங்கள்

ஓர் ஆண்டுக்கு ஒரு எக்ஸெல் கோப்பு. கோப்பின் பெயர் ஆண்டு மட்டும்: 2014, 2015 என்று. பத்துக் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். அந்த ஃபோல்டரில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

முதல் நெடுவரிசைக்குத் தலைப்பு ‘நாள்’. அடுத்த பன்னிரண்டுக்கும் 1 முதல் 12 வரை எண்களே தலைப்பு. மாதப் பெயர் எழுதினால் ஒருவர் ‘பிப்ரவரி’ என்பார், இன்னொருவர் ‘பிப்.’ என்பார். மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு நெடுவரிசைகள். பத்துக் கோப்பிலும் ஷீட்டின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேதியும் மழையுமாக நீளவாக்கில் அடித்தால் பின்னால் வேலை மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் நோட்டும் திரையும் ஒரே வடிவில் இருந்தால்தான் பக்கத்தில் வைத்துக் கண்ணால் சரிபார்க்க முடியும். வடிவத்தை மாற்றுவது மென்பொருளுக்கு ஒரு கிளிக்.

செய்யக் கூடாதவை: கட்டங்களை இணைக்காதீர்கள். மேலே தோட்டத்தின் பெயரைப் பெரிதாக எழுதாதீர்கள். கீழே மொத்தம் என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதுவும் ஒரு நாளாக எண்ணப்பட்டு மழை இரட்டிப்பாகும். சந்தேகமான எண்ணுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தால் அந்த வண்ணம் பவர் பிஐக்குள் வராது. ஓர் அங்குலம் பத்து சென்ட்டை 1-10 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும், ஆகவே 1.10 என்றே அடியுங்கள். அங்குலத்தை நீங்களாக மில்லிமீட்டருக்கு மாற்றி அடிக்கவும் வேண்டாம். நோட்டில் என்ன இருக்கிறதோ அது.

நோட்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே ரைட்டர் கூட்டிப் போட்ட மொத்தம் இருக்குமல்லவா? அவற்றை வேறொரு ஃபோல்டரில் தனிக் கோப்பாக அடித்து வையுங்கள். 7-ஆம் படியில் அது நம்மைக் காப்பாற்றும்.

4. ஃபோல்டரை ஏற்றுங்கள்

பவர் பிஐயில் ‘கெட் டேட்டா’ போய் ‘ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகளின் பட்டியல் வந்ததும் ‘கம்பைன் அண்டு டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’. பக்கத்தில் ‘லோடு’ என்றும் தெரியும், அதை அழுத்தாதீர்கள். லோடு கொடுத்தால் கோப்புகளுக்குள் இருக்கும் மழைக் கணக்கு வராது, கோப்புகளின் பட்டியல் மட்டுமே உள்ளே போகும்.

இப்போது தரவைச் சுத்தம் செய்வதற்கான பவர் குவெரி சன்னல் திறக்கும். பத்து ஆண்டுகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், முதல் நெடுவரிசையில் கோப்பின் பெயர் இருக்கும். அதன் முதல் நான்கு எழுத்துகளை மட்டும் எடுத்தால் ஆண்டு கிடைத்துவிடும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்ற கட்டளை அதைச் செய்யும்.

வலப்பக்கம் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் படியாகப் பதிவாகியிருக்கும். அதில் ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒன்றை மென்பொருள் தானாகவே சேர்த்திருக்கும். அதை நீக்கிவிடுங்கள். முதல் 200 வரிகளைப் பார்த்து ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று அது ஊகிக்கிறது. அந்த 200 வரியில் ஒரு மாதம் முழு எண்ணாகவே இருந்திருந்தால், பின்னால் வரும் 12.7 சத்தமில்லாமல் 13 ஆகிவிடும். வகையை நாமே பிறகு சொல்வோம்.

5. அகலத்தை நீளமாக்குங்கள்

ஆண்டு, நாள் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுங்கள். வலது கிளிக் செய்து ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’ கொடுங்கள். பன்னிரண்டு மாதங்களும் மடிந்து, ஒரு நாளுக்கு ஒரு வரி என்றாகும்: ஆண்டு, நாள், மாதம், மழை.

நீளமாக்குவதற்குக் காரணம், வரைபடமும் கணக்கும் ‘மழை’ என்ற ஒரே நெடுவரிசையைத்தான் கேட்கும். பன்னிரண்டு நெடுவரிசையாக விட்டுவிட்டால், ஆண்டு மொத்தத்துக்குக்கூடப் பன்னிரண்டைக் கூட்ட வேண்டும்.

இந்தக் கட்டளை வெற்றுக் கட்டங்களைக் கேட்காமலே தூக்கிப் போட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். பிப்ரவரி 30 போன்ற இல்லாத நாள்கள் ஒழிவது நல்லது. விடுப்பு நாள்கள் ஒழிவதும் பரவாயில்லை, 8-ஆம் படியில் திரும்பக் கண்டுபிடிப்போம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கோப்பில் மட்டும் யாரோ ‘5’ என்பதற்குப் பதிலாக ‘மே’ என்று தலைப்பிட்டிருந்தால், இணைக்கும்போது அந்த மாதம் முழுக்க வெற்றாகி, இந்தப் படியில் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

6. மதிப்புகளைச் சுத்தம் செய்து தேதியைக் கட்டுங்கள்

வரிசை மாறக் கூடாது. முதலில் ‘ரீப்ளேஸ் வேல்யூஸ்’ மூலம் கோடுகளைப் பூஜ்யமாக்குங்கள். ‘தூறல்’ என்று எழுதியிருந்தால் அதையும் பூஜ்யமாக்கலாம். அளவிட முடியாத மழைக்கு அதுதான் பொருந்தும். அதன் பிறகே மழை நெடுவரிசையை ‘டெசிமல் நம்பர்’ ஆக மாற்றுங்கள். முன்னாலேயே மாற்றினால் ஒவ்வொரு கோடும் ‘எரர்’ ஆகும்.

அடுத்து ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் முழு எண்ணாக்கி, ‘கஸ்டம் காலம்’ (நாமே எழுதும் நெடுவரிசை) கட்டளையால் ஒரு தேதி நெடுவரிசை உருவாக்குங்கள். மூன்று எண்ணிலிருந்து கட்டுவதால் நாள் எது மாதம் எது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. தயாராக வந்த தேதிப் பட்டியல் என்றால் கவனம் வேண்டும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2023 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2023 மட்டும் பிழை காட்டும். பிழை காட்டும் வரிகளை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை காட்டாத வரிகள்தான் அங்கே தவறானவை. அப்படிப்பட்ட பட்டியலுக்கு ‘யூசிங் லொகேல்’ போய் ‘இங்கிலிஷ் (இந்தியா)’ என்று சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக அளவு. இன்னொரு கஸ்டம் காலம்: தேதி, மழைமானி மாறிய நாளுக்கு முந்தையது என்றால் மழையை 25.4 ஆல் பெருக்கு, இல்லையென்றால் அப்படியே விடு. பழைய நெடுவரிசையையும் வைத்திருங்கள், சரிபார்க்கத் தேவைப்படும்.

7. வரைவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

‘வியூ’ பட்டியலில் ‘காலம் குவாலிட்டி’யை இயக்கினால் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை விழுக்காடு சரி, பிழை, வெற்று என்று காட்டும். வழக்கமாக அது முதல் 1000 வரிகளை மட்டுமே பார்க்கும். பத்தாண்டு நோட்டில் 3652 நாள்கள் இருக்கின்றன (2016-உம் 2020-உம் லீப் ஆண்டுகள்). கீழ்ப்பட்டையில் கிளிக் செய்து முழுத் தரவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு ‘குரூப் பை’ கொடுத்து ஆண்டுவாரியாக வரிகளை எண்ணுங்கள். 365 அல்லது 366 வர வேண்டும். 362 என்றால் மூன்று நாள் விடுப்பு, நோட்டில் பாருங்கள். 334 என்றால் 31 நாள் மாதம் ஒன்று முழுதாகக் காணாமல் போயிருக்கிறது, தலைப்பைத் தேடுங்கள்.

இதேபோல் மாத மொத்தங்களைப் பழைய அளவிலேயே கூட்டி, தனியாக வைத்த நோட்டு மொத்தங்களோடு ஒப்பிடுங்கள். 120 மாதங்கள். பொருந்தாத மாதங்களில் சிலவற்றில் நம் தட்டச்சுப் பிழை இருக்கும், சிலவற்றில் ரைட்டர் கூட்டியதே தவறாக இருக்கும். இரண்டையும் பிரித்து எழுதி வையுங்கள். பார்த்து முடித்ததும், எண்ணுவதற்காகப் போட்ட குரூப் பை படியை நீக்கிவிட்டு ‘குளோஸ் அண்டு அப்ளை’ கொடுங்கள்.

8. நாள்காட்டி அட்டவணை

2014 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை ஒரு நாளும் விடாமல் தேதிகள் கொண்ட தனி அட்டவணை ஒன்று வேண்டும். ‘நியூ டேபிள்’ கொடுத்து ‘காலண்டர்’ என்ற செயல்பாட்டில் இரண்டு தேதிகளைச் சொன்னால் வந்துவிடும். மழை அட்டவணையில் விடுபட்ட நாள்கள் அங்கே இல்லவே இல்லை. இல்லாததை எண்ண முடியாது. நாள்காட்டி இருந்தால்தான் ‘எத்தனை நாள் பதிவில்லை’ என்று கேட்க முடியும்.

அதில் ஆண்டு, மாத எண், மாதப் பெயர், பருவம் என்று நெடுவரிசைகள் சேருங்கள். பருவத்துக்கு வானிலைத் துறையின் பிரிவே போதும்: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு.

மாதப் பெயரைத் தமிழில் போட்டால் வரைபடத்தில் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று அகரவரிசையில் நிற்கும். மாதப் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘சார்ட் பை காலம்’ (எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது) போய் மாத எண்ணைக் காட்டிவிட்டால் ஜனவரி முதலில் வரும்.

‘மாடல் வியூ’வில் நாள்காட்டியின் தேதியை இழுத்து மழையின் தேதி மேல் விடுங்கள். நாள்காட்டிப் பக்கம் 1, மழைப் பக்கம் நட்சத்திரக் குறி (‘பல’ என்று பொருள்) இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் 1 வந்தால் அதை ஒன்றுக்குப் பல என்று மாற்றுங்கள். நாளைக்கு இரண்டாவது மழைமானியின் கணக்கு சேர்ந்தால் அப்போது உடையாது. இனி எல்லா வரைபடத்திலும் மாதத்தையும் ஆண்டையும் நாள்காட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.

9. கணக்குகளை ‘மெஷர்’ ஆக எழுதுங்கள்

முதலில் நான்கு. மொத்த மழை: மில்லிமீட்டர் நெடுவரிசையின் கூட்டல். பதிவான நாள்: மழை அட்டவணையின் வரி எண்ணிக்கை. பதிவில்லா நாள்: நாள்காட்டியின் வரி எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தது. மழை நாள்: 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த வரிகள். வானிலைத் துறையின் வரையறை அதுதான்.

நெடுவரிசையாக எழுதாமல் மெஷராக எழுதச் சொல்வது ஏனென்றால், நெடுவரிசை ஏற்றும்போது ஒருமுறை கணக்கிடப்பட்டு அப்படியே நின்றுவிடும். மெஷர், வாசகர் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்ப அப்போதே கணக்கிடும்.

சராசரியில் கிட்டத்தட்ட எல்லோரும் விழுகிறார்கள். அக்டோபரின் சராசரி மழை வேண்டும் என்று மழையை இழுத்துப் போட்டு ‘ஆவரேஜ்’ கொடுப்பார்கள். ஓர் அக்டோபரில் 310 மி.மீ. பெய்திருந்தால் 10 என்று காட்டும். அது நாள் சராசரி. மாதச் சராசரிக்கு மொத்த மழையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அதற்குத் தனி மெஷர் எழுதுங்கள்.

ஆண்டு, நாள் போன்ற எண் நெடுவரிசைகளையும் மென்பொருள் கூட்டப் பார்க்கும். அவற்றுக்கு ‘டோன்ட் சம்மரைஸ்’ கொடுத்துவிடுங்கள்.

10. இப்போது வரையுங்கள்

முதலில் ‘மேட்ரிக்ஸ்’. வரிகளில் ஆண்டு, நெடுவரிசைகளில் மாதம், நடுவில் மொத்த மழை. ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’ போய்ப் பின்னணிக்கு ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை கொடுங்கள். பத்தாண்டு மழையும் ஒரே பார்வையில் தெரியும், நோட்டின் வடிவமும் மாறாது. பெரியவர்கள் உடனே படித்துவிடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் கலந்து போட வேண்டாம், அவற்றைப் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு.

அடுத்தது மாதச் சராசரிக்கு நெடும்பட்டை வரைபடம். மழைக்குக் கோட்டு வரைபடம் வேண்டாம். கோடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் ஏதோ இருந்ததாகச் சொல்லும். மழை அந்தந்த நாளில் சேர்ந்த அளவு. பத்து ஆண்டுகளைப் பத்து நிறக் கோடுகளாக ஒரே படத்தில் போட்டால் யாராலும் படிக்க முடியாது.

மூன்றாவது, முதல் தாளில் எழுதிய பூ மழைக் கேள்விக்கு: பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரையில், 25.4 மி.மீ.க்கு மேல் பெய்த நாள்களின் பட்டியல், ஆண்டுவாரியாக. இதற்கு வரைபடமே தேவையில்லை. சாதாரண அட்டவணை போதும், தோட்டக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ‘பதிவில்லா நாள்’ எண்ணையும் பக்கத்திலேயே வையுங்கள். மார்ச்சில் 12 நாள் பதிவே இல்லாத ஓர் ஆண்டைப் ‘பூ மழை இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

11. பகிர்வதும் புதுப்பிப்பதும்

இணையத்தில் ஏற்ற நிறுவன அல்லது கல்லூரி மின்னஞ்சல் வேண்டும். ஜிமெயில் முகவரியை ஏற்காது. அது இல்லாதவர்கள் பிடிஎஃப் ஆக எடுத்து அனுப்பலாம். ‘பப்ளிஷ் டு வெப்’ என்ற வழியில் கொடுத்தால் உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும். மழைக் கணக்கு போகட்டும், விளைச்சலும் விலையும் உள்ள பக்கத்தை அப்படிக் கொடுக்காதீர்கள்.

கோப்பை வேறு கணினிக்கு மாற்றினால் ‘ரெஃப்ரெஷ்’ நின்றுவிடும், ஃபோல்டர் இருந்த பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். ‘டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்’ போய்ப் புது இடத்தைக் காட்டுங்கள்.

2024-இன் பக்கத்தை அடித்து முடித்ததும் அதே ஃபோல்டரில் 2024 என்ற பெயரில் போட்டு, நாள்காட்டியின் கடைசித் தேதியை 2024 டிசம்பர் 31 என்று நீட்டி, ரெஃப்ரெஷ் கொடுங்கள். 4 முதல் 6 வரையிலான படிகள் தாமாகவே ஓடும். 7-ஆம் படியை மட்டும் மறுபடியும் கையால் செய்யுங்கள். 2024 லீப் ஆண்டு, 366 வர வேண்டும்.